நொண்டிக் கழுதையும் பன்னிரண்டு சூப்பும்

அத்தியாயம் 6

பன்னிரண்டாவது பாடகரும் வாக்குமூலம் கொடுத்துவிட்டு எழுந்து போன பிறகும் துப்பறிவாளர் டேக்ரஸ் மேஜை மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த விரலைப் பிடித்து ஒடித்துவிடலாமா என்று அவருடைய உதவியாளர் மெர்லீனுக்கு இருந்தது.

"பாஸ், அந்த மேஜை எதையும் ஒத்துக்காது. அதை விட்டுடுங்க."

டேக்ரஸ் காதில் வாங்கவில்லை. மெர்லீன் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். வாலிப வயதில் தெருக் கச்சேரிகளுக்கு ஸ்பீக்கர் பெட்டி சுமந்தவர் அவர். இடது காதை அந்தப் பெட்டிகளுக்கே காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். அவள் எழுந்து வலது பக்கம் வந்து, அதையே இன்னொரு முறை சொன்னாள்.

வேறு நாளாக இருந்தால் இரண்டாம் முறை சொல்லும்போது அவளே சிரித்திருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் போலீஸ் ஜீப் அவளுடைய அண்ணன் லாசெல்ஸை கோர்ட்டுக்குக் கொண்டு போகும். 'திருடன்' என்று ஒரு முறை பதிவாகிவிட்டால் கிங்ஸ்டனில் எந்த ஸ்டூடியோக்காரனும் அவனை மிக்ஸிங் மேஜை பக்கம் நிற்க விடமாட்டான். அதைத் தவிர வேறு தொழில் எதுவும் அவனுக்குத் தெரியாது. முட்டை பொரித்தாலே தீயணைப்பு வண்டி வரும்.

திருட்டுப் போனது ஒரு டேப். அதில் இருந்தது 'நொண்டிக் கழுதை'.

ஃபேசி ஸ்டூடியோவின் வாத்தியக்காரர்கள் ஒரே மத்தியானத்தில் வாசித்து முடித்த தாளம் அது. பேஸ் கிட்டார் மூன்றடி ஒழுங்காக நடந்து நாலாவது அடியில் காலை இழுக்கும். பெயர் வந்தது அப்படித்தான். அந்த ஒரே தாளத்தின் மேல் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு பாட்டுப் பாடியிருந்தார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு ஆல்பம். சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை முதலாளி ஃபேசி ஒரு கல்யாணத்துக்காக மலைமேல் மாண்டெவில் போயிருந்த நேரத்தில் டேப்பைக் காணவில்லை. மிக்ஸிங் அறைச் சாவி லாசெல்ஸிடம் மட்டும்தான் இருந்தது. ஃபேசி ஒரு கையால் போலீஸைக் கூப்பிட்டார், மறு கையால் டேக்ரஸைக் கூப்பிட்டார். போலீஸ் சீக்கிரம் வந்து சேர்ந்தது.

"ஜிஞ்சர் என்ன சொன்னான்?" என்று டேக்ரஸ் கேட்டார். "அவன் சொன்ன மாதிரியே சொல்லு."

மெர்லீன் நெஞ்சை நிமிர்த்தினாள். சார்ஜென்ட் ஜிஞ்சர் ராணுவத்தை வாசலில்கூடப் பார்த்தவன் இல்லை. ஆனால் மைக் முன்னால் நின்றால் போர்தான்.

"'சேவல் கூவிச்சு பாரு, பட்டாளத்து ஊதுகொம்பு மாதிரி. வெளிய வந்தேன். மழை குண்டு மாதிரி விழுது. பின்வாங்கி அடுப்படியில முகாம் போட்டேன். மிஸ் ஹயசிந்த் சூப் குடுத்தாங்க. ஆட்டுத்தலை சூப். குடிச்சதும் நரம்பெல்லாம் முறுக்கேறிடுச்சு. கிளம்பிட்டேன். டேப்பைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது.'"

"லேடி டாமரிண்ட்?"

மெர்லீன் உடனே கழுத்தைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். சேவல் கூவியதும் டாமரிண்டுக்குத் தன்னை விட்டுப் போனவன் ஞாபகம் வந்ததாம். மழை வந்ததும் அழுகை வந்ததாம். அடுப்படியில் ஒதுங்கி நின்று கோழிக்கால் சூப் குடித்தாளாம், பாதி சூப், பாதி கண்ணீர். அப்புறம் வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

"பிரதர் எசெக்கியல்?"

"அவருக்குச் சேவல் கடவுள் பேரைச் சொல்லிச்சாம். மழை ஊர்ப் பாவத்தை எல்லாம் கழுவிச்சாம். பூசணிக்காய் சூப்பு. உப்பும் கிடையாது, கறியும் கிடையாது. எனக்கு அதைக் கேட்டதுக்கே பசி போயிடுச்சு."

"சரி. இப்ப எல்லார் குரலையும் எடுத்துடு. கீழ என்ன இருக்கு?"

அவள் ஒவ்வொரு குரலாக ஒதுக்கிக்கொண்டே கண்ணை மூடினாள். டேக்ரஸின் விரல் இன்னும் மேஜை மேல் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று தட்டு, ஒரு இழுப்பு. சேவல், மழை, சூப்பு, அப்புறம் 'எனக்குத் தெரியாது'.

"பாஸ்," என்றாள் மெதுவாக. "பன்னிரண்டு பேருக்கும் தாளம் ஒண்ணுதான்."

"ஒருத்தன் சண்டைப் பாட்டு பாடறான். ஒருத்தி காதல் பாட்டு. ஒருத்தர் சாமி பாட்டு. தாளத்தை யாரோ முன்னாடியே கட்டி ஆளாளுக்குக் கையில குடுத்திருக்காங்க. இவங்களுக்கு வேற எப்படியும் பொய் சொல்ல வராது, மெர்லீன். பொழப்பே அதுதானே."

ஸ்டூடியோ முற்றத்துச் சேவலை மெர்லீனுக்கு நேரிலேயே தெரியும். ஈஸ்டர் அன்றைக்குக் குழம்பாகிவிட்டது. ஒரு கால் அவள் தட்டுக்கு வந்தது. மழை அதற்கும் மேல். கிங்ஸ்டனில் குழாயைத் திறந்தால் காற்று வருகிற காலம் அது. முற்றத்து மழைநீர்ப் பீப்பாயின் அடியில் பல்லி ஒன்று குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"ஒரு ஆல்பத்துல கடைசியில என்ன இருக்கும்?" என்று டேக்ரஸ் கேட்டார்.

"வெர்ஷன். யாரும் பாடாம வெறும் தாளம் மட்டும் ஓடும்."

"அதுக்கு யார் பேரைப் போடுவாங்க?"

"தாளம் கட்டினவர் பேரை."

"இந்தப் பொய்க்கும் ஒரு வெர்ஷன் இருக்கும். அலங்காரம் இல்லாம, குரல் இல்லாம, வெறும் சேவல், மழை, சூப்புன்னு யார் சொல்றாங்களோ அவங்கதான் கட்டினவங்க. அந்த ஆளைப் பிடிச்சா டேப் கிடைச்சுடும்."

மெர்லீனுக்கு அண்ணன் ஞாபகம் வந்தது.

காலையில் அண்ணனுக்கு பன்னும் சீஸும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள். அவன் கம்பிக்குப் பின்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்ன நடந்தது என்று கேட்டாள், கெஞ்சினாள், திட்டினாள். 'சேவல் கூவிச்சு. மழை பெஞ்சுது. அவ்வளவுதான். நீ போம்மா' என்றான். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அதைவிடச் சுத்தமான வெர்ஷனை அவள் இன்னும் கேட்கவில்லை.

சொல்லாமல் விட்டுவிடலாம். டேக்ரஸின் இடது பக்கம் போய் நின்று சொன்னால், சொன்ன மாதிரியும் இருக்கும், கேட்காத மாதிரியும் இருக்கும். அதையும் ஒரு கணம் யோசித்தாள். பிறகு வலது பக்கமே நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

டேக்ரஸ் திட்டவில்லை. தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார், பதில் அங்கே இருப்பது போல.

"உங்க அண்ணன் ரெண்டுதான் சொன்னானா?"

"ஆமா."

"சூப்பு எங்க போச்சு?"

மெர்லீன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள், இரண்டோடு நின்றது.

"அவன் மிக்ஸிங் ஆளு. எது ஊர்க் காதுல விழக்கூடாதோ அந்தப் பட்டனை மட்டும் கீழ இறக்கிடுவான். போலீஸ் கம்பிக்குப் பின்னாடியும் கை பழக்கத்தை விடல. தாளம் அவன் கட்டினது இல்ல. ஆனா சூப்பை எதுக்கு மறைச்சான்னு யோசி."

அவள் யோசித்தாள். பன்னிரண்டு பேரும் குடித்த சூப்புகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஆட்டுத்தலை, கோழிக்கால், உப்பில்லாத பூசணி, மீன், சிவப்புப் பயறு, மாட்டுவால். ஒருவன் நண்டு என்றுகூடச் சொன்னான். ஃபேசி ஸ்டூடியோ அடுப்படியில் இருப்பது ஒரே அடுப்பு, அதன் மேல் ஒரே பானை.

"தாளம் கட்டினவங்க 'சூப்பு'ன்னு மட்டும் சொல்லி விட்டுட்டாங்க," என்றாள். "என்ன சூப்புன்னு சொல்லல. இவங்க ஆளாளுக்குத் தனக்குப் பிடிச்சதைப் பாடிட்டாங்க."

"ஏன்?"

"ஏன்னா அன்னிக்கு அந்தப் பானையில சூப்பே இல்ல, பாஸ்."

டேக்ரஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

ஸ்டூடியோ முற்றத்தின் கோடியில் தகரக் கூரை போட்ட அடுப்படி. ஃபேசியின் மனைவி மிஸ் ஹயசிந்த் முக்காலியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆனவளையும் இந்த ஊர் மரியாதைக்கு 'மிஸ்' என்றுதான் கூப்பிடும். பாடகர்கள் எல்லாரும் மாமர நிழலில் நின்றுகொண்டிருந்தார்கள். பேச்சு சத்தமே இல்லை. பன்னிரண்டு பாடகர்கள் ஒரே இடத்தில் வாய் மூடி நிற்பதை மெர்லீன் சாவு வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று டேக்ரஸ் மரியாதையாகக் கேட்டார். இந்த வழக்கில் மிஸ் ஹயசிந்தை யாரும் இதுவரை கேட்டிருக்கவில்லை. முதலாளி மனைவியிடம் கேள்வி கேட்கும் தைரியம் போலீஸுக்கும் இல்லை.

அவள் தலையைத் தூக்கவில்லை. "சேவல் கூவிச்சு. மழை பெஞ்சுது. சூப்பு குடிச்சாங்க. போனாங்க."

தேங்காய் துருவும் சத்தம் மட்டும் ஓடியது. மூன்று இழுப்பு, ஒரு நிறுத்தம்.

டேக்ரஸ் மெர்லீனைப் பார்த்தார். மெர்லீன் பானையைப் பார்த்தாள். முழு ஆட்டையும் கொம்போடு போட்டு வேகவைக்கக்கூடிய கனத்த இரும்புப் பானை. அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடந்தது. நேரே போய் மூடியைத் தூக்கினாள். உள்ளே மாவு மூட்டைத் துணியில் சுற்றிய தட்டையான அட்டைப் பெட்டி ஒன்று இருந்தது.

"நல்லவேளை, யாரும் பசியோட வரல," என்றாள். பெட்டியை இரண்டு கையாலும் வெளியே எடுத்தாள்.

மாமரத்தடியில் சார்ஜென்ட் ஜிஞ்சர் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டான். யாரும் அவனைத் தூக்கச் சொல்லவில்லை.

மிஸ் ஹயசிந்த் துருவியைக் கீழே வைத்தாள். "என்னைப் பிடிக்கறதுன்னா பிடிங்க. ஆனா முதல்ல அதைக் கேளுங்க. கதவைச் சாத்திட்டுக் கேளுங்க. எங்க வீட்டுக்காரர் க்ளோவிஸ் முன் அறையில கோர்ட்டுக்குப் போறதுக்கு கோட்டு மாட்டிட்டிருக்கார்."

மிக்ஸிங் அறையில் மெர்லீனே டேப்பை மாட்டினாள். அண்ணனோடு வளர்ந்ததில் அந்த அளவு தெரியும். நொண்டிக் கழுதை நடக்க ஆரம்பித்தது. பேஸ் மூன்றடி வைத்து நாலாவதை இழுத்தபோது டேக்ரஸின் தோள் தானாக அசைந்தது. நல்ல தாளம். அப்புறம் ஒரு குரல் உள்ளே வந்தது.

    நான்தான் ஃபேசி,
    என் காரில் ஏசி,
    என்னை நேசி...

தகரக் கதவைத் தரையில் இழுத்தால் வரும் சத்தம் அது. கழுதை காலை இழுத்த இடத்தில் குரல் அதைத் தாண்டி ஓடியது. கழுதை நடந்தபோது குரல் உட்கார்ந்து மூச்சு வாங்கியது. ஒரு கட்டத்தில் இரண்டும் வேறு வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தன. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, யாரையும் பார்க்காமல் தெருவுக்குப் போயிற்று.

டேக்ரஸ் வலது காதையும் பொத்திக்கொண்டார்.

மெர்லீன் டேப்பை நிறுத்திய பிறகு மிஸ் ஹயசிந்த் நடந்ததைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போன பிறகு க்ளோவிஸ் தனியாக வந்து பாடினாராம். லாசெல்ஸ் மட்டும் கூட இருந்தான். 'இதுதான் ஆல்பத்தில் முதல் பாட்டு' என்று சொல்லிவிட்டாராம். செவ்வாய்க்கிழமை அவர் மாண்டெவில் போனதும் லாசெல்ஸ் அதைப் போட்டுக் காட்டினான். லேடி டாமரிண்ட் நிஜமாகவே அழுதாள். பிரதர் எசெக்கியல் கடவுளிடம் விளக்கம் கேட்டார். முதல் பாட்டு இதுவென்றால் இரண்டாவது பாட்டை யார் கேட்பார்கள்? ஊர் ஒரு வருஷத்துக்குச் சிரிக்கும். பன்னிரண்டு பேர் உழைப்பும் போகும், க்ளோவிஸ் பேரும் போகும். அவர் மனசு மாறும் வரைக்கும் டேப் பானையில் இருக்கட்டும் என்று மூடி வைத்தார்கள்.

"மழையை எங்க பிடிச்சீங்க?" என்று டேக்ரஸ் கேட்டார்.

"அன்னிக்கு மலையிலிருந்து போன் பண்ணினார். அங்க ஒரே மழைன்னார். அவர்கிட்டச் சொல்றதுக்குத்தானே கதை, அதான் மழையையும் சேர்த்துக்கிட்டேன்."

"அவருக்குப் பாட வராதுன்னு நேரா சொல்லியிருக்கலாமே, மிஸ் ஹயசிந்த்," என்றாள் மெர்லீன். "எங்க அண்ணன் உள்ள உட்கார்ந்திருக்கான்."

ஹயசிந்த் சமையல் ஏப்ரன் நுனியைக் கையில் சுற்றினாள். போலீஸ் வரும் என்று அவர்கள் யாரும் நினைக்கவில்லை. ஜீப் வந்ததுமே சொல்லிவிடத்தான் போனாள். லாசெல்ஸ்தான் தலையை ஆட்டித் தடுத்தான்.

"அது மட்டும் இல்லம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டு வாசல்ல வந்து ஒரு நாள் பாடினார். நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். இந்தச் சேவல் கதைக்கு முன்னாடி அவர்கிட்ட நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதை நம்பித்தான் கல்யாணம் பண்ணினார், அதை நம்பித்தான் ஸ்டூடியோ கட்டினார். இப்ப எந்த வாயால திருப்பி எடுக்கறது?"

மெர்லீனுக்குக் கோபம் பாதியில் நின்றுவிட்டது. ஒரு சிறு பாராட்டு இத்தனை வருஷம் கழித்து ஒரு ஆளை லாக்கப்பில் வைத்துவிடும் என்று யார் கண்டார்கள்?

கதவு திறந்தது. த்ரீ பீஸ் சூட்டில் ஃபேசி நின்றார். கோர்ட்டுக்குப் போகிறவர் மாதிரி இல்லை, இன்னொரு முறை கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். கண் டேப் மேல் விழுந்தது. முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

யார் எடுத்தது என்று கேட்டார்.

மிஸ் ஹயசிந்த் தரையைப் பார்த்தாள். மெர்லீன் டேக்ரஸைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அண்ணன் வெளியே வருவான், ஒரு வீடு உடையும். சொல்லாவிட்டால் வீடு நிற்கும், அண்ணன் கோர்ட்டில் நிற்பான்.

"யாரும் எடுக்கல, மிஸ்டர் ஃபேசி," என்றார் டேக்ரஸ். "மழை பெஞ்சுதே அன்னிக்கு. டேப் நனைஞ்சுடக் கூடாதுன்னு பானைக்குள்ள வெச்சு மூடியிருக்காங்க. அவசரத்துல உங்ககிட்ட சொல்ல மறந்துட்டாங்க."

ஃபேசி டேப்பைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்துதான் இருந்தது.

"ஆமாமா, மாண்டெவில்லயும் நல்ல மழை," என்றார்.

டேக்ரஸ் நிறுத்தவில்லை. குரலை இன்னும் மரியாதையாக ஆக்கிக்கொண்டார். பாட்டைக் கேட்டதாகவும், ஒரு விஷயம் மனசை உறுத்துவதாகவும் சொன்னார். பாட்டுக்குப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். நாளைக்கு எவன் வேண்டுமானாலும் பாடுவான். வெர்ஷன் அப்படியா? அதில் யார் குரலும் வராது. ஒரே ஒரு பேர்தான் போடுவார்கள், தாளத்துக்குச் சொந்தக்காரர் பேர். முதலாளி போய்க் கூலிக்காரர்களோடு வரிசையில் நிற்கலாமா?

"அப்ப என் பாட்டு?"

"இருக்கும். குரலை மட்டும் இறக்கிடணும். 'ஃபேசியின் வெர்ஷன்'னு கொட்டை எழுத்துல வரும். ஆனா அவ்வளவு நுணுக்கமா குரலைத் தூக்கி வெளிய எடுக்கறதுக்கு இந்த ஊர்ல ஒரே ஒரு கைதான் இருக்கு. அது இப்ப லாக்கப்புல பன் தின்னுட்டிருக்கு."

ஃபேசி கோட்டுப் பொத்தானைத் திருகினார். மனைவி பக்கம் திரும்பினார். "நீ சொல்லு, ஹயசிந்த். அன்னிக்கு நல்லா இருக்குன்னு சொன்னது நீதானே. குரலை எடுத்துடட்டுமா?"

மிஸ் ஹயசிந்த் அவர் கோட்டில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள்.

"அது எனக்குன்னு பாடினது, க்ளோவிஸ். அதைப் போய் ஊருக்கெல்லாம் எதுக்கு?"

ஃபேசியின் காது மடல் சிவந்தது. நேரே போய் டெலிபோனை எடுத்தார். புகாரை வாபஸ் வாங்குவதாக ஸ்டேஷனில் சொன்னார். கூடவே ஆளைச் சீக்கிரம் அனுப்பும்படி அதட்டினார், அவனைப் பிடித்து வைத்தது ஏதோ போலீஸின் சொந்த யோசனை என்பது போல.

கோர்ட்டுக்குப் போகவேண்டிய ஜீப் ஸ்டூடியோவுக்கு வந்தது. லாசெல்ஸ் இறங்கி நேரே மிக்ஸிங் மேஜைக்குப் போனான். தங்கையைத் தாண்டும்போது அவள் தலையில் ஒரு குட்டு வைத்தான். அவள் திருப்பி இரண்டு வைத்தாள். பிறகு அவன் உட்கார்ந்து, ஒரு பட்டனை விரல் நுனியால் மெல்லக் கீழே இறக்கினான்.

தகரக் கதவு ஓய்ந்தது. கழுதை தனியாக நடந்தது. மூன்றடி வைத்து, ஒன்றை இழுத்து, அவசரமே இல்லாமல்.

வெளியே நின்ற பன்னிரண்டு பேரும் சுவரை அறைந்தார்கள். பிடித்த பாட்டுக்கு இந்த ஊர் அப்படித்தான் சொல்லும், இன்னொரு முறை போடு என்று. சார்ஜென்ட் ஜிஞ்சர் அடுப்படித் தகரத்தையே தட்டி நெளித்துவிட்டான். அது நடிப்பு இல்லை என்பது மெர்லீனுக்குத் தெரிந்தது. ஃபேசி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் பாட்டு," என்றார் டேக்ரஸிடம். சொன்னது இடது காதுப் பக்கம். டேக்ரஸ் தலையை ஆட்டி வைத்தார்.

ஜீப்போடு வந்த இன்ஸ்பெக்டர் பார்ச்மென்ட் மட்டும் சிரிக்கவில்லை. வழக்கை மூட ஒரு வாக்குமூலம் வேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது, யாராவது ஒருவர் ஒழுங்காகச் சொல்லவேண்டும். எல்லாரும் மெர்லீனைப் பார்த்தார்கள்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சேவல் கூவிச்சு சார். மழை பெஞ்சுது. எல்லாரும் அடுப்படியில ஒதுங்கிச் சூப்பு குடிச்சாங்க."

"என்ன சூப்பு?"

அவள் முற்றத்தைப் பார்த்தாள். மிஸ் ஹயசிந்த் அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். பானை இப்போதுதான் கொதிக்க ஆரம்பித்திருந்தது.

"இன்னும் வேகுது சார். உட்காருங்க. குடிச்சுட்டு நீங்களே சொல்லுங்க."